பத்தாங் பெர்ஜுந்தைப் பிள்ளைகளுக்கு எந்த ட்ரோன் போட்டி?

பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயர் கொண்ட பெஸ்தாரி ஜெயாவில் நாங்கள் சில பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்து பிள்ளைகளுக்காக ஒரு ட்ரோன் குழு தொடங்குகிறோம். தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம், ஆறாம் ஆண்டு படிப்பவர்களும் இடைநிலைப்பள்ளியில் முதல் மூன்று படிவங்களில் இருப்பவர்களும் வருவார்கள். தொடங்கலாமா வேண்டாமா என்ற பேச்சு முடிந்துவிட்டது. எந்தப் போட்டியை வைத்துக் கற்றுக்கொடுப்பது என்பதில்தான் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறோம். நிரல் எழுதிப் பறக்கவிடும் பணிப் போட்டியா, ட்ரோன் கால்பந்தா, கண்ணாடி மாட்டிக்கொண்டு ஓட்டும் பந்தயமா? மூன்றுக்கும் கருவி வேறு, இடம் வேறு, சொல்லிக்கொடுக்கும் ஆளும் வேறு. இருக்கும் பணத்தில் ஒன்றைத்தான் ஒழுங்காகச் செய்ய முடியும். இதே பேச்சு பகாவிலும் லாபிஸிலும் சுங்கை சிப்புட்டிலும் நடந்துகொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். அதனால் என் கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். ஒரு பிள்ளை ட்ரோனைப் பறக்கவிடும் நேரத்தில், அதே குழுவில் இருக்கும் மற்ற பிள்ளைகளுக்கு என்ன வேலை? பள்ளி மன்றங்களில் வழக்கமாக நடப்பது நமக்குத் தெரியும். கை வேகமுள்ள இரண்டு பேரிடம் ரிமோட் போய்ச் சேரும். போட்டி நெருங்க நெருங்க ஆசிரியரும் அந்த இருவரையே பறக்கவிடச் சொல்வார், ஏனென்றால் வெற்றி வேண்டும். மற்றவர்கள் சுற்றி நின்று போனில் வீடியோ எடுப்பார்கள். ஆண்டு முடிவில் கோப்பை வந்திருக்கும்; கற்றுக்கொண்டவர்கள் இரண்டே பேர். ஷா ஆலம், பெட்டாலிங் ஜெயா போன்ற இடங்களில் மற்ற பிள்ளைகளுக்கு வேறு பத்து வகுப்பு இருக்கும். நம் ஊரில் இந்த மாதிரி வாய்ப்பு ஒன்று வந்தால் அடுத்தது எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

இந்த ஊருக்கு இது ஏன் முக்கியம்

மலேசியாவில் வணிக அளவில் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது நம் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான், 1917இல். நூறு ஆண்டுக்கு மேலாக இந்த வட்டாரத்துக் குடும்பங்கள் அந்த மரத்தை ஒட்டித்தான் வாழ்ந்திருக்கின்றன. குலை வெட்டியவர்கள், விதை பொறுக்கியவர்கள், உரம் போட்டவர்கள். முதுகில் பம்பு மாட்டி மருந்து அடித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். கையுறை இல்லாமல், முகமூடி இல்லாமல், சில இடங்களில் என்ன மருந்து என்றே சொல்லப்படாமல் அடித்தார்கள். அவர்களுடைய நகமும் தோலும் கண்ணும் என்ன ஆயின என்பதை பெண் தொழிலாளர் உரிமைக்காகப் போராடும் தெனாகனித்தா அமைப்பு 2002இல் அறிக்கையாகவே வெளியிட்டது. அவர்கள் கலக்கி அடித்த பராகுவாட் மருந்து இந்த நாட்டில் முழுமையாகத் தடை செய்யப்பட்டது 2020 ஜனவரி 1 முதல்தான்.

இப்போது அந்த வேலையில் ஒரு பங்கை ட்ரோன் செய்கிறது. 40 லிட்டர் தொட்டி தூக்கும் தெளிப்பு ட்ரோன்கள் செம்பனைத் தோட்டங்களுக்கு வந்துவிட்டன. இளங்கன்றுகளின் குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டுக்கு, ஒவ்வொரு மரத்தின் குருத்தாகத் தேடி மருந்து விடும் ட்ரோனை மலேசிய நிறுவனமான போலாட்ரோன் உருவாக்கியிருக்கிறது. வண்டின் அறிவியல் பெயரான ஓரிக்டெஸ் என்பதையே அதற்கும் வைத்திருக்கிறார்கள். மரம் எண்ணுவது, இடம்விட்ட குழியைக் கண்டுபிடிப்பது, மஞ்சள் பூத்த பகுதியை வரைபடத்தில் காட்டுவது எல்லாம் வானத்திலிருந்து நடக்கிறது. அந்த ட்ரோனின் ரிமோட்டை யார் பிடிக்கப் போகிறார்கள் என்பது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை. மருந்து அடித்த அம்மாவின் பேத்தி, மர நிழலில் பாதுகாப்பான தூரத்தில் நின்று அந்த வேலையைச் செய்து, அதற்குரிய சம்பளம் வாங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

கூட்டத்தில் ஓர் அண்ணன் கேட்டார், “அப்படியென்றால் நேராக அந்தப் பயிற்சிக்கே அனுப்பலாமே, நடுவில் விளையாட்டு எதற்கு?” நியாயமான கேள்வி. மருந்தோடு தூக்கும்போது ஒரு பெரிய ஆளைவிடக் கனமாக இருக்கும் இயந்திரத்தைப் பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் கொடுக்க முடியாது. தோட்டத்தில் தொழிலாகப் பறப்பதற்குச் சிவில் வான் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதியும் தொலை விமானித் தகுதிச் சான்றிதழும் வேண்டும். அது ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம். தேர்வு முடித்த பிறகு போக வேண்டிய பாதை. ஆனால் அங்கே சோதிக்கப்படுவது விரல் வேகம் மட்டும் இல்லை. பறக்கும் முன் சரிபார்ப்பது, பேட்டரியைக் கணக்கு வைப்பது, நடந்ததை நடந்தபடி எழுதி வைப்பது, “இன்று காற்று சரியில்லை, பறக்க வேண்டாம்” என்று தைரியமாகச் சொல்வது, இவையும் வேண்டும். இந்தப் பழக்கங்களைப் பன்னிரண்டு வயதில் ஊன்றிவிடலாம். எந்தப் போட்டி அதைச் செய்யும் என்பதுதான் நம் கேள்வி.

நிரல் எழுதும் பணிப் போட்டி

இதில் பயன்படுபவை உள்ளங்கை அளவு ட்ரோன்கள். டெல்லோ, அதன் பள்ளிப் பதிப்பான ரோபோமாஸ்டர் டிடி, கோட்ரோன் எடியூ ஆகியவை பரவலாகத் தெரிந்தவை. டெல்லோவின் எடை சுமார் 80 கிராம். முழு பேட்டரிக்கு 13 நிமிடம் என்று பெட்டியில் போட்டிருக்கும். பிள்ளைகள் கையில் அவ்வளவு வராது. ஸ்கிராட்ச் என்ற சிறுவர் மென்பொருளில் செய்வதுபோல் திரையில் கட்டைகளை அடுக்கியும் நிரல் எழுதலாம், கொஞ்சம் பழகியபின் பைத்தான் என்ற நிரல் மொழியிலும் எழுதலாம். வளையத்துக்குள் நுழைவது, எண் போட்ட அட்டையை அடையாளம் கண்டு அதன்மேல் இறங்குவது, யாரும் ரிமோட்டைத் தொடாமல் ஒரு முழுச் சுற்று போய்வருவது என்று பணிகள் இருக்கும்.

இந்த வகையில் நான் மிகவும் மதிப்பது, வெக்ஸ் ரோபோட் போட்டிகளை நடத்தும் ஆர்.ஈ.சி. ஃபவுண்டேஷன் அமெரிக்காவில் நடத்தும் ஏரியல் ட்ரோன் போட்டியின் அமைப்பை. அதில் ஒரு சுற்றில் இரண்டு குழுக்கள் கூட்டாளிகளாகச் சேர்ந்து பறக்கின்றன. இருவருக்கும் சேர்த்தே புள்ளி. கையால் பறக்கும் திறனுக்குத் தனிச் சுற்று, நிரலால் பறக்கும் திறனுக்குத் தனிச் சுற்று. இவற்றோடு குழுவின் பதிவேட்டைப் பார்க்கிறார்கள், பிள்ளைகளை உட்காரவைத்து நேர்காணல் செய்கிறார்கள். அந்தப் போட்டிக்கே போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உள்ளூரில் நாமே ஒன்று நடத்தினாலும், வெளியே ஒன்றில் சேர்ந்தாலும், இந்த அமைப்பைக் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்கிறேன்.

பதிவேட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான பெற்றோர் அதை எழுத்து வேலை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஒரு பிள்ளை நிரலில் “100 சென்டிமீட்டர் முன்னே போ” என்று எழுதுகிறாள். ட்ரோன் 85இல் நின்றுவிடுகிறது. மறுபடி ஓட்டினால் 110. இப்போது அவள் என்ன செய்வாள்? பதிவேடு இல்லாத குழு எண்ணை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும், ஒருமுறை சரியாக வந்ததும் கைதட்டிவிட்டுப் போய்விடும். பதிவேடு வைத்திருக்கும் குழு பேட்டரி எத்தனை விழுக்காடு இருந்தது, காற்றாடி ஓடியதா, எந்தத் தரையில் பறந்தது என்று எழுதியிருக்கும். நாலைந்து வரி சேர்ந்ததும் காரணம் கண்ணுக்குத் தெரியும். டெல்லோ தன் வயிற்றில் இருக்கும் சிறு கேமராவால் தரையைப் பார்த்துத்தான் தன் இடத்தைப் பிடித்து நிற்கிறது. நம் பள்ளி மண்டபங்களில் பளபளக்கும் ஒரே நிற டைல்ஸ் தரை. அதில் பிடித்துக்கொள்ள ஒரு கோடோ புள்ளியோ இல்லை. விளக்கு வெளிச்சம் வேறு கண்ணாடிபோல் பிரதிபலிக்கும். கோடும் பூவும் போட்ட பாயை விரித்துப் பாருங்கள், அதே ட்ரோன் ஒழுங்காக நிற்கும். இதை ஆசிரியர் சொல்லிக் கொடுத்தால் ஒரு தகவல். பிள்ளைகள் தங்கள் பதிவேட்டிலிருந்து தாங்களே கண்டுபிடித்தால் அது அறிவியல். அந்தக் கண்டுபிடிப்பைச் செய்பவர் பெரும்பாலும் ரிமோட் பிடித்தவர் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து எழுதியவர்.

என் அளவுகோலில் இது நன்றாக நிற்கிறது. நான்கு பேர் குழுவில் ஒருவர் பறப்பார், ஒருவர் நிரல் பார்ப்பார், ஒருவர் சரிபார்ப்புப் பட்டியலும் பதிவேடும், ஒருவர் பேட்டரியும் பழுதும். நால்வருக்கும் வேலை உண்டு, ட்ரோன் ஒன்றே போதும். பணக் கணக்கில் இதைவிடச் சிக்கனமான வழி எதுவும் இல்லை.

குறைகளும் உண்டு. மடிக்கணினி வேண்டும், பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. டெல்லோ தன்னுடைய வைஃபையிலேயே கணினியை இணைத்துக்கொள்ளும்; அந்த நேரம் கணினிக்கு இணையம் இருக்காது. பத்துக் குழு ஒரே மண்டபத்தில் வைஃபையைத் திறந்தால் ஒன்றையொன்று தொந்தரவு செய்யும். கோட்ரோன் எடியூ அதன் ரிமோட் வழியாகக் கம்பியில் கணினியோடு சேர்வதால் இந்தத் தலைவலி குறைவு. மேற்கூரைக் காற்றாடிகளை நிறுத்தியே ஆக வேண்டும், பிற்பகல் இரண்டு மணி வெயிலில் அதுவும் ஒரு சோதனைதான். எல்லாவற்றுக்கும் மேலாக, நிரல் என்றதும் சில பிள்ளைகள் முகம் சுருங்குகிறது. ஏற்கெனவே வகுப்பில் பின்தங்கியவன் என்று பெயர் வாங்கிய பையன், இதுவும் ஒரு பாடம் என்று நினைத்து வராமலே போய்விடக்கூடும். அந்தப் பையனை நான் இழக்க விரும்பவில்லை.

ட்ரோன் கால்பந்து

அந்தப் பையன் ஓடி வருவது இதற்குத்தான். பந்துபோல் வட்டமான கூண்டுக்குள் ட்ரோன். வலை கட்டிய களத்தின் இரண்டு முனையிலும் தொங்கும் வளையங்கள்தான் கோல். ஓர் அணிக்கு ஐந்து ட்ரோன், ஐந்து பேர். அதில் ஒன்று மட்டும் அடையாளம் போட்ட தாக்குதல் ட்ரோன். அது வளையத்துக்குள் புகுந்தால்தான் கோல். மற்ற நான்கும் வழி திறக்கும் அல்லது எதிரணியை மறிக்கும். ஒரு கோல் போட்டதும் அணி தன் பாதிக்குத் திரும்பி வந்துதான் அடுத்ததற்குப் போக முடியும். ஓர் ஆட்டம் மூன்று நிமிடம், அப்படி மூன்று. தென் கொரியாவில் பிறந்த விளையாட்டு இது, ஜியோன்ஜு நகரம்தான் அதன் தாய்வீடு. உலக வான் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.ஏ.ஐ. இதை எஃப்9ஏ என்ற பிரிவில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 40 சென்டிமீட்டர் பந்து பெரியவர்களின் போட்டிக்கு, 20 சென்டிமீட்டர் பந்து பள்ளிகளுக்கு ஏற்றது. சின்ன வகைக்கான களம் ஒரு பூப்பந்துத் திடலுக்குள் அடங்கிவிடும்.

இதன் நல்ல பக்கம் மிகவும் நல்லது. ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பறக்கிறார்கள், வேடிக்கை பார்ப்பவர் யாரும் இல்லை. மோதுவதே ஆட்டத்தின் பகுதி என்பதால், ட்ரோன் விழுந்தால் திட்டு விழுமோ என்ற பயம் முதல் நாளே போய்விடும். வீட்டில் ஒரு கண்ணாடி உடைந்தாலும் அதற்கும் கணக்குப் பார்க்க வேண்டிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று யோசித்துப் பாருங்கள். உயரமும் உடல் வலுவும் இங்கே கணக்கில் வராது. ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் ஒரே அணியில் சமமாக நிற்கலாம். பேச்சும் வளரும். “நீ இடப்பக்கம் மறி, நான் மேலே போகிறேன்” என்று நொடிக்கு நொடி சொல்லிக்கொள்ளாத அணி தோற்கும். ஆட்டங்களுக்கு இடையே கிடைக்கும் சில நிமிடங்களில் உடைந்த புரொபெல்லரை மாற்ற வேண்டும், பேட்டரியை மாற்ற வேண்டும், கூண்டைக் கட்ட வேண்டும். அந்தச் சில நிமிடங்களில் நடக்கும் பழுதுபார்ப்பு ஒரு மாத வகுப்புக்குச் சமம்.

ஆனால் பணத்தைப் பாருங்கள். ஓர் அணிக்கு ஐந்து. எதிரணி இல்லாமல் கால்பந்து ஏது? பயிற்சிக்கே பத்து ட்ரோன் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஆட்டத்துக்கு ஒரு பேட்டரி என்றால் மூன்று ஆட்டத்துக்கு முப்பது பேட்டரி, அல்லது இடைவிடாமல் சார்ஜ் போடும் ஏற்பாடு. அப்புறம் வலை, சட்டம், வளையம். அதைக் கட்டி இறக்க ஆள். பள்ளி மண்டபத்தில் நிரந்தரமாக விட்டுவைக்க முடியாது. சோதனைக் காலத்தில் மேசைகள் உள்ளே வந்துவிடும். இத்தனையும் செய்து முடித்தபின் யாரோடு விளையாடுவது? பக்கத்துப் பள்ளியில் அணி இல்லையென்றால் நம் பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டிருப்பார்கள், நாலு மாதத்தில் சலித்துவிடும்.

இன்னொரு குறை எனக்குப் பெரிதாகப் படுகிறது. கால்பந்து ட்ரோனைப் பறக்கவிடுவது கை சம்பந்தப்பட்டது. சென்சார் என்ன சொல்கிறது, நிரல் ஏன் தவறியது என்ற கேள்வி அதில் தானாக எழாது. மூன்று நிமிட ஆட்டத்தில் பதிவேடு எழுத யாருக்கும் நேரமில்லை, எழுதினால் புள்ளியும் இல்லை. எல்லாருக்கும் வேலை உண்டு என்பது சரி; எல்லாருக்கும் ஒரே வேலைதான் என்பதும் சரி.

கண்ணாடிப் பந்தயம்

எஃப்.பி.வி. பந்தயம் என்பார்கள். ட்ரோனின் மூக்கில் இருக்கும் கேமரா காட்டுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வளையம் வளையமாகச் சீறிப் போவது. மண்டபத்துக்குள் ஓட்ட 65 அல்லது 75 மில்லிமீட்டர் சட்டமுள்ள குட்டி ட்ரோன்கள் இருக்கின்றன. எடை 30 கிராமை ஒட்டித்தான், பறக்கும் நேரம் மூன்று நான்கு நிமிடம். பார்க்கும் யாருக்கும் பிடித்துவிடும். என்னைக் கேட்டால் தொழில்நுட்பம் மிக ஆழமாக இருப்பதும் இங்கேதான். மோட்டார் கம்பியைச் சோல்டரிங் செய்ய வேண்டும். பீட்டாஃபிளைட் என்ற திறந்த மென்பொருளில் ட்ரோனின் குணத்தையே திருத்தலாம். வீடியோ அலைவரிசைகளைப் பங்கிட வேண்டும். பந்தயக்காரர்கள் பயன்படுத்தும் ரேஸ்பேண்டில் எட்டு வரிசைகள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 37 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. தவறான வரிசையில் ஒருவர் மின்சாரம் கொடுத்துவிட்டால் பறந்துகொண்டிருப்பவரின் படம் அழிந்து ட்ரோன் சுவரில் மோதும். இப்படி ஒருமுறை நடந்தால் ரேடியோ பற்றிய பாடம் யாருக்கும் மறக்காது.

இருந்தும் நம் குழுவுக்கு இதை முதலாவதாக நான் சொல்லமாட்டேன். பந்தயத்தில் ஜெயிப்பது ஒருவர். அவருக்குப் பக்கத்தில் நின்று சுற்றிலும் கவனிக்கும் ஓர் ஆள் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் கண்ணாடி மாட்டியவருக்கு மண்டபத்தில் யார் நடந்து வருகிறார் என்று தெரியாது. அந்த ஒரு துணை வேலையைத் தாண்டி மற்றவர்களுக்கு வரிசையில் காத்திருப்பதுதான். கண்ணாடி, ரிமோட், சார்ஜர் எல்லாம் ஆளுக்கொன்று இருந்தால்தான் முன்னேற்றம் தெரியும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தனக்கென்று வாங்கிக்கொள்ளும், தினமும் பழகும். பொதுக் கருவியை நம்பியிருக்கும் பிள்ளை வாரம் ஒரு முறை தொடும். ஒரே குழுவுக்குள் இப்படி ஒரு பிளவை நாமே உண்டாக்கிவிடுவோம்.

ஒரு விஷயத்தை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். லிஃப்டாஃப், வெலோசிட்ரோன் மாதிரி சிமுலேட்டர்கள் இருக்கின்றன. ஒரு ரிமோட்டைக் கணினியில் செருகினால் உடைவதற்கு ஒன்றுமில்லாமல் பழகலாம். மழை கொட்டி மண்டபம் கிடைக்காத சனிக்கிழமைகளுக்கு அது போதும்.

பணம், இடம், ஆள்

கருவி விலையை மட்டும் பார்த்து முடிவெடுப்பது நம்மிடம் உள்ள ஒரு பழக்கம். முதல் நாளில் நன்கொடையாளர் முன்னால் படம் எடுக்கக் கருவி இருக்கும். ஆறாம் மாதம் பேட்டரி உப்பிவிட்டது என்று பிள்ளைகள் சொல்லும்போது யாரிடம் போய் நிற்பது? வாங்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது பேட்டரிக்கும் உதிரிக்கும் முதலிலேயே ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது என் கருத்து. இந்தியர் மேம்பாட்டுக்கான அரசுப் பிரிவான மித்ராவிடமோ வேறு அமைப்பிடமோ உதவி கேட்டு எழுதும்போதும் இதைத் தனி வரியாகப் போடுங்கள். அப்புறம் வேன் வாடகை. போட்டி கோலாலம்பூரிலோ ஷா ஆலமிலோ நடந்தால் விடியற்காலையில் கிளம்ப வேண்டும். சாப்பாடு, ஒரு பொறுப்பாளர் அக்கா, எல்லாம் செலவுதான்.

கற்றுக்கொடுக்க யார் இருக்கிறார்கள் என்பதில் பெஸ்தாரி ஜெயாவுக்கு ஒரு பெரிய வசதி. சிலாங்கூர் பல்கலைக்கழகமான யுனிசெல்லின் வளாகம் ஊரிலேயே இருக்கிறது. பைத்தான் தெரிந்த மாணவர்கள் வாரம் ஒரு மாலை வருவதற்கு மனம் வைத்தால் போதும். பணிப் போட்டிக்கு வேண்டிய பயிற்றுநர் கிடைத்துவிடுவார். கால்பந்துக்கும் பந்தயத்துக்கும் அந்த விளையாட்டிலேயே பழகியவர் வேண்டும், அவர் தூரத்திலிருந்து வர வேண்டியிருக்கும். ஊரில் போன் பழுது பார்க்கும் கடைத் தம்பிகளையும் மறந்துவிடாதீர்கள். சோல்டரிங் பிடிக்கத் தெரிந்த கை இந்தக் குழுவுக்கு எந்த வழியில் போனாலும் தேவை.

இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் புறப்பாடப் புள்ளியும் ஒரு கணக்கு. பல்கலைக்கழகச் சேர்க்கையில் பத்து விழுக்காடு அதற்குத்தான். மாவட்டம், மாநிலம், தேசியம் என்று நிலை ஏற ஏறப் புள்ளி கூடும். ஆனால் எல்லாப் போட்டியும் அங்கீகரிக்கப்பட்டதாக இருக்காது. பெயர் கொடுக்கும் முன் பள்ளியின் புறப்பாட ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள். பரிசு வாங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. 2016ஆம் ஆண்டு விதிகளின்படி 20 கிலோவுக்குக் குறைந்த ட்ரோனையும் அனுமதியில்லாமல் 400 அடிக்கு மேலே கொண்டுபோகக் கூடாது, விமான நிலைய வட்டாரத்துக்குள் பறக்கவிடக் கூடாது. கேமரா உள்ளதென்றால் நம் பொறுப்பில் இல்லாத ஆட்களிடமிருந்து 50 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். வானிலிருந்து படம் எடுப்பதற்கு நில அளவைத் துறையின் அனுமதி தனி. அதனால் கூட்டம் நிற்கும் பள்ளித் திடலில் பறக்கவிடும் ஆசையை விட்டுவிட்டு மண்டபத்துக்குள்ளேயே தொடங்குவோம். பேட்டரி விஷயத்தில் கண்டிப்பு தேவை: ஆள் இல்லாத அறையில் சார்ஜ் போடக் கூடாது, வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்கக் கூடாது, உப்பியதை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

என் ஓட்டு எதற்கு

முதல் ஆண்டு பணிப் போட்டி. பன்னிரண்டு பிள்ளைகள், மூன்று குழு, குழுவுக்கு நான்கு பேர். மூன்று ட்ரோன், மாற்று ட்ரோன் ஒன்று, பூப்போட்ட பாய், மூன்று மடிக்கணினி. ஒரு விதியை மட்டும் யாருக்காகவும் தளர்த்தக் கூடாது: ஒவ்வொரு வாரமும் நான்கு வேலைகளும் கை மாற வேண்டும். போட்டிக்கு முந்தின வாரமும் மாற வேண்டும். நன்றாகப் பறப்பவனே போட்டியில் பறக்கட்டும் என்று பெற்றோர் கேட்பார்கள். அப்படிச் செய்தால் ஒன்றிரண்டு இடம் மேலே வருவோம், உண்மைதான். ஆனால் பதிவேடு எழுதிய பிள்ளைக்கு ட்ரோன் ஏன் விலகியது என்று தெரியும், அவளைப் பறக்கவிடாமல் வைத்திருப்பது அவளுக்கும் குழுவுக்கும் நட்டம். பறப்பதில் கெட்டிக்காரனாக இருப்பவனும் எழுதிப் பழகட்டும். நாளைக்குச் சான்றிதழுக்குப் போகும்போது அவனுக்குக் குறையப்போவது அதுதான்.

நேர்காணலைத் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் நாமே நடத்திப் பழக்கலாம். தான் செய்ததைத் தன் வாயால் சொல்லத் தெரிந்த பிள்ளை எந்த மொழியில் கேட்டாலும் தடுமாறாது. தமிழில் தெளிவாகச் சொல்லவைத்துவிட்டு மற்ற மொழிக்குப் போவது நல்லது என்று நினைக்கிறேன்.

நிரல் என்றதும் ஒதுங்கும் அந்தப் பையனுக்கு? அவனைப் பேட்டரியும் பழுதும் பார்க்கும் வேலையிலிருந்து தொடங்கவைப்பேன். கையால் பறக்கும் சுற்று ஒன்று இந்தப் போட்டியிலேயே இருக்கிறது; அதை மாதம் ஒரு முறை ஊருக்குள் சின்னப் பந்தயமாக நடத்தினால் அவன் கட்டாயம் வருவான். நிரல் பக்கம் அவன் முறை வரும்போது பக்கத்தில் உட்கார ஒரு யுனிசெல் அண்ணன் இருக்கட்டும்.

கால்பந்தை நான் தள்ளிவிடவில்லை. கோல சிலாங்கூர், ஈஜோக் பக்கத்தில் இரண்டு பள்ளிகளாவது சேர்ந்தால் இரண்டாம் ஆண்டில் வலையையும் களத்தையும் பொதுவாக வாங்கலாம். ஒவ்வொரு பள்ளியும் தன் ஐந்து ட்ரோனை மட்டும் வாங்கிக்கொள்ளும், எதிரணி தானாகக் கிடைக்கும். இப்போதே பக்கத்துப் பள்ளியில் வலையும் அணியும் இருக்கும் ஊர் என்றால் என் பதில் மாறும்: அங்கே கால்பந்திலேயே தொடங்குங்கள், பதிவேட்டை மட்டும் நீங்களாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் குழுவில் இருப்பவர்கள் பள்ளிப் படிப்பை விட்டுவிட்ட பதினாறு, பதினேழு வயது இளைஞர்கள் என்றால் அதற்கும் வேறு பதில். அவர்களுக்குப் பந்தய ட்ரோனும் சோல்டரிங் மேசையும்தான் சரி. கை வேலையைக் கற்றுக்கொண்டால் பழுது பார்க்கும் தொழிலாவது உடனே கையில் இருக்கும்.

அடுத்த கூட்டத்துக்குள் செய்ய வேண்டியது இரண்டு. மண்டபத்தில் எந்தக் கிழமை மாலை நமக்கு நிரந்தரமாகக் கிடைக்கும் என்று தலைமையாசிரியரிடம் எழுத்தில் வாங்க வேண்டும். ட்ரோன் விற்பவரிடம் விலை கேட்கும்போதே, மலேசியத் தரச் சான்று நிறுவனமான சிரிமின் முத்திரை இருக்கிறதா, இதே மாடலுக்கு இன்னும் இரண்டு ஆண்டு பேட்டரியும் புரொபெல்லரும் கிடைக்குமா என்று கேட்க வேண்டும். டெல்லோ வாங்குவதானால் இந்த இரண்டாவது கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். அது 2018இல் வந்த மாடல். தெளிவான பதில் வரவில்லையென்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அடுத்த கடைக்குப் போவோம்.